சாப்டி ஐஸ்கிரீம் இயந்திரம்: எதை வாங்குவது?
(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் - இயற்பியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவர்களில் நானே முதல்வன். என் தந்தையார் விசைத்தறியில் இருபது ஆண்டுகள் நின்றவர். இப்போது அவரும் என் அண்ணனும் கரூர் ஜவஹர் பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில் சர்பத்தும் பழச்சாறும் விற்கும் சிறு கடை வைத்துள்ளனர். 2025ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஓர் இரவு, அண்ணன் இரண்டு விலைப் பட்டியல்களை என் முன் வைத்தார்.

"சாப்டி மெசின் ஒன்னு போடலாம்னு இருக்கேன். நீதான பிசிக்ஸ் படிக்கிற? எதை வாங்கறதுன்னு பாத்துச் சொல்லு."

ஒன்றின் விலை மற்றதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. பணம் அம்மா உறுப்பினராக உள்ள மகளிர் சுய உதவிக் குழுவின் வழியாக வரவேண்டிய கடன். எங்கள் வீட்டார் ஒரு தவணை தவறினால் குழுவிலுள்ள மற்ற பதினொரு பெண்களும் அதற்குப் பொறுப்பு ஏற்க வேண்டும். அவர்களில் நால்வர் எங்கள் தெருவிலேயே இருப்பவர்கள். காலையில் குழாயடியில் அம்மாவின் முகத்தில் விழிப்பவர்கள். பட்டியலைப் பார்த்துவிட்டு ஏதோ ஒன்றைச் சுட்டிக்காட்டும் துணிவு எனக்கு வரவில்லை. பத்து நாள் தவணை கேட்டேன். அந்தப் பத்து நாட்களில் கற்றதையும் அதன் பின் கண்டதையும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

சாப்டி என்பது யாது?

பனிக்கூழ் என்று எழுதினால் தமிழ்ப் பேராசிரியர் மகிழ்வார். ஆனால் கடைத்தெருவில் 'சாப்டி' என்றால்தான் விளங்கும் என்பதால் அச்சொல்லையே ஆள்கிறேன். கிண்ணத்தில் கரண்டியால் எடுத்துப் போடும் ஐஸ்கிரீம் −18 டிகிரி செல்சியசில் சேமிக்கப்படுவது. சாப்டியோ இயந்திரத்தின் வாயிலிருந்து ஏறத்தாழ −6 டிகிரியில் வெளிவந்து, அப்போதே உண்ணப்படுவது. இதனைச் சேமித்து வைக்க வழியில்லை. விற்கிற இடத்திலேயே, விற்கிற நொடியிலேயே உறைய வைத்தாக வேண்டும். கூட்டம் மிகுந்த இடங்களுக்கு இயந்திரம் தேர்வதில் உள்ள தொல்லைகள் யாவும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

அமெரிக்காவில் பபலோ நகரத்தைச் சேர்ந்த சார்லஸ் டெய்லர் என்பவர் 1926இல் தானியங்கி ஐஸ்கிரீம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1938இல் இல்லினாய் மாநிலத்துக் காங்கக்கீ என்ற ஊரில் மென் ஐஸ்கிரீமைச் சோதனையாக விற்றுப் பார்த்தனர். அதன் தொடர்ச்சியாக 1940இல் அதே மாநிலத்து ஜோலியட் நகரில் முதல் டெய்ரி குவீன் கடை திறக்கப்பட்டது. இங்கிலாந்தின் பிரதமராயிருந்த மார்கரெட் தாட்சர் அம்மையார்தான் இதைக் கண்டுபிடித்தவர் என்று ஒரு கதை உலவுகிறது. வேதியியல் பட்டதாரியான அவர் லயன்ஸ் என்ற உணவு நிறுவனத்தில் வேலை பார்த்தது உண்மையே. ஆனால் அது 1940களின் இறுதியில். அதற்குப் பத்தாண்டுகள் முன்பே அமெரிக்கர் சாப்டியைத் தின்று கொண்டிருந்தனர்! வேதியியல் துறை நண்பர்கள் என்னை மன்னிப்பார்களாக.

இயந்திரத்தின் உள்ளே

மேலே ஒரு தொட்டி, அதில் பாற்கலவை. கீழே படுக்கை வாட்டில் ஓர் உருளை. உருளையின் புறச்சுவரைச் சுற்றிக் குளிர்பதன வாயு ஓடுகிறது. உள்ளே ஒரு துடுப்பு சுழன்று, சுவரில் படியும் மெல்லிய பனிப்படலத்தை இடைவிடாது சுரண்டிக் கலவையோடு சேர்க்கிறது. காற்றும் உடன் கலக்கிறது.

இங்கே முதலாம் ஆண்டில் நாம் படித்த உறைநிலைத் தாழ்வு நினைவுக்கு வரவேண்டும். நூறு கிராம் கலவையில் சர்க்கரை 14 கிராம், பாலிலுள்ள லாக்டோஸ் 6 கிராம், நீர் 65 கிராம் என்று கொள்வோம். ஒரு கிலோ நீரில் ஒரு மோல் கரைந்தால் உறைநிலை 1.86 டிகிரி இறங்கும் என்ற விதிப்படி கணக்கிட்டால், சர்க்கரைகளால் மட்டும் 1.7 டிகிரி இறங்குகிறது. பாலின் உப்புகளும் சேர, கலவை −2 டிகிரிக்கும் கீழேதான் உறையத் தொடங்கும். உறைவது தூய நீரே. ஆகையால் எஞ்சிய நீரில் சர்க்கரையின் செறிவு கூடுகிறது. உறைநிலை மேலும் இறங்குகிறது. −6 டிகிரியில்கூட நீரில் ஏறத்தாழப் பாதிதான் பனியாகியிருக்கும். மறுபாதி பாகாகவே நிற்கும். சாப்டியின் மென்மைக்குக் காரணம் இதுவே.

"இன்னும் கொஞ்சம் சீனி போட்டா புள்ளைங்க விரும்பும்" என்றார் அப்பா. சீனியைக் கூட்டினால் எத்தனை நேரம் ஓடினாலும் கூழ் இறுகாது என்பதையும், தண்ணீரைக் கூட்டினால் உருளைக்குள் பனி கட்டியாகி இறுகித் துடுப்பை முறிக்கக்கூடும் என்பதையும் தாளில் வரைந்து காட்டினேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. ஆனால் கலவையில் கை வைக்கவில்லை.

தகட்டிலுள்ள எண்

விலைப்பட்டியலில் இருந்த முதல் இயந்திரம் மேசை மீது வைக்கும் சிறிய வகை, ஒற்றை உருளை. இரண்டாவது, தரையில் நிற்கும் பெரிய இயந்திரம். இரட்டை உருளை, காற்றழுத்தப் பம்பு, மும்முனை மின்சாரம். இரண்டின் தகட்டிலும் 'மணிக்கு இத்தனை லிட்டர்' என்று பொறித்திருந்தது. அண்ணன் அந்த எண்ணை மட்டும் பார்த்தார். வாங்குவோர் பெரும்பாலும் அப்படித்தான் பார்க்கின்றனர்.

லிட்டர் என்பது காற்றும் சேர்ந்த கன அளவு. எனவே எவ்வளவு காற்று என்பதை முதலில் அறியவேண்டும். அதற்கு ஒரு டம்ளரும் தராசும் போதும். டம்ளர் நிறையக் கலவையை ஊற்றி எடை பார்த்தோம்: 220 கிராம். அதே டம்ளரில் இடைவெளி இல்லாமல் சாப்டியை நிரப்பி எடை பார்த்தோம்: 160 கிராம். வேறுபாடு 60, அதை 160ஆல் வகுக்க 37.5 விழுக்காடு. இதனை 'ஓவர்ரன்' என்கின்றனர். புவியீர்ப்பால் கலவை இறங்கும் இயந்திரங்களில் இது 30 முதல் 50 வரை இருப்பது வழக்கம். பம்பு வைத்தவற்றில் இன்னும் கூடும். காற்று கூடினால் இலாபம் என்று விற்பனையாளர் சொல்வார். ஐஸ்கிரீம் என்ற பெயரில் விற்பது லிட்டருக்கு 525 கிராமுக்குக் குறையக்கூடாது என்றும், அதில் பால் கொழுப்பு 10 விழுக்காடு இருக்கவேண்டும் என்றும் நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன என்பதை அவர் சொல்லமாட்டார். கொழுப்பு குறைந்தாலோ, தாவரக் கொழுப்பு கலந்தாலோ பெயரையும் அதற்கேற்ப மாற்றி எழுதவேண்டும்.

நம் கணக்கிற்கு வருவோம். 37.5 விழுக்காடு காற்றோடு ஒரு லிட்டர் சாப்டியின் எடை 800 கிராம். ஒரு கோனுக்கு 75 கிராம் என்றால், 'மணிக்கு 30 லிட்டர்' என்பது 24 கிலோ, அதாவது 320 கோன். கேட்க இனிமையான எண்தான். ஆனால் எந்த வெப்பநிலையில் இந்த 320?

வைகாசி வெயில்

எங்கள் கடையின் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு கோடை மாதங்களில் வருவது. அதிலும் கரூர் மாரியம்மன் கோவில் வைகாசித் திருவிழாவில், கம்பம் ஆற்றுக்குப் போகும் நாளில், ஜவஹர் பஜாரில் எள் போட்டால் எள் விழாது. கரூர் வெயிலின் கொடுமையை நான் விளக்க வேண்டியதில்லை. வானிலை அறிக்கையில் கரூர் பரமத்தியின் பெயரை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். இயந்திரத்தின் திறனை 25 டிகிரி அறையில் அளந்து தகட்டில் பொறித்திருந்தால், அது நமக்கு உதவுகிற எண் அன்று.

கார்னோ நமக்கு உதவுவார். உருளையைச் சுற்றி ஓடும் வாயு −20 டிகிரி, அதாவது 253 கெல்வின் என்க. வெளியே வெப்பத்தை விடும் சுருள், சுற்றுப்புறத்தைவிட 15 டிகிரி கூடுதலாக இருக்கும். வெளியே 25 என்றால் சுருள் 40, வேறுபாடு 60, உச்சத் திறன் எண் 253/60, அதாவது 4.2. வெளியே 40 என்றால் சுருள் 55, வேறுபாடு 75, எண் 3.4. ஏட்டிலேயே ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. நடைமுறையில் இழப்பு இதற்கும் மேல். நான் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டேன். 320 என்பது 215 ஆயிற்று.

அடுத்தது, தொட்டியில் ஊற்றும் கலவையின் வெப்பநிலை. 4 டிகிரிக் கலவை ஒரு கிலோவைச் சாப்டியாக்க எவ்வளவு வெப்பத்தை எடுக்கவேண்டும்? உறைநிலை வரை குளிர்விக்க 21 கிலோஜூல். 325 கிராம் நீரைப் பனியாக்க, கிராமுக்கு 334 ஜூல் வீதம் 108. மேலும் குளிர்விக்கப் பத்துச் சொச்சம். ஆக ஏறத்தாழ 140 கிலோஜூல். அதே கலவையை 30 டிகிரியில் ஊற்றினால் 26 டிகிரிக்கு இன்னொரு 86 கிலோஜூல் சேருகிறது. வேலை அறுபது விழுக்காடு கூடுகிறது. ஆகவே தொட்டிக்கே தனிக் குளிர்பதனம் உள்ள இயந்திரம்தான் வேண்டும். அதுவன்றிக் கலவையை முன்னிரவே குளிர்பெட்டியில் வைக்கவும் வேண்டும். இதனால் விரைவு மட்டுமல்ல, உடல்நலமும் காக்கப்படுகிறது. அதைப் பின்னர்ச் சொல்வேன்.

பதினான்காவது கோன்

அண்ணனும் நானும் சிறிய இயந்திரத்தைப் பார்க்க அயலூர் ஒன்றில் இருந்த விற்பனையாளரிடம் சென்றோம். குளிரூட்டிய அறையில், காலை பத்து மணிக்கு, இரண்டு கோன் பிழிந்து கொடுத்தார். சுருள் சுருளாக நிமிர்ந்து நின்றது. அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "இதை வெளியில் வராந்தாவில் வைத்து மதியம் ஓட்டிக் காட்ட முடியுமா? இருபது கோன் தொடர்ந்து எடுக்கவேண்டும், கலவைக்கு உரிய பணத்தை நாங்களே தருகிறோம்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி என்ன படிக்கிறாரு?" என்று அண்ணனிடம் கேட்டார். ஒருவாறு இசைந்தார்.

பேராசிரியரிடம் சொல்லி ஆய்வுக்கூடத்திலிருந்து −10 முதல் 110 டிகிரி வரை காட்டும் வெப்பமானி ஒன்றை வாங்கிச் சென்றிருந்தேன். கைப்பேசியில் நேரம் பார்த்து, இருபது நொடிக்கு ஒரு கோன் எடுத்தோம். முதல் கோன் −6 டிகிரி. பத்தாவது −5. பதினான்காவது −4 காட்டியது. சுருளின் முனை தலை சாய்ந்தது. பதினேழாவது −3, கோனில் நிற்காமல் அண்ணன் கைவழி ஒழுகிற்று. மீண்டும் −6க்கு இறங்க அந்த இயந்திரம் ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டது.

காரணம் எளிது. உருளையின் கொள்ளளவு 1.8 லிட்டர், அதில் இருப்பது 19 கோனுக்கான கூழ். முதல் சில கோன்கள் முன்பே உறைந்து காத்திருந்தவை. அதற்குப் பின் வருவது, மேலிருந்து இறங்கிய புதுக்கலவை. கூட்டமுள்ள இடத்தில் மணிக்கணக்கு பயன்படாது. எங்கள் சந்துக்கு எதிரே உள்ள திரையரங்கில் இடைவேளை பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் நாற்பது பேர் வருவர். பதினாறு பேருக்குக் கொடுத்துவிட்டு ஒன்பது நிமிடம் நின்றால் மற்றவர்கள் படம் பார்க்கப் போய்விடுவார்கள். வாங்குகிறவர் கேட்க வேண்டியது, தொடர்ந்து எத்தனை கோன் வரும், மீள எத்தனை நிமிடம் ஆகும் என்பதைத்தான்.

பெரிய இயந்திரமும் வேண்டாம்

அப்படியானால் பெரியதை வாங்கலாமே எனலாம். அண்ணனும் அதையே சொன்னார். அதில் பம்பு உண்டு. கலவையையும் காற்றையும் அளவாக அழுத்தி உருளைக்குள் செலுத்துவதால் வரிசை நீண்டாலும் கோனின் தரம் மாறாது. பேரூர்களின் பெரிய அங்காடிகளுக்கு அதுவே ஏற்றது. ஆனால் பம்பில் பற்சக்கரங்கள், வளையங்கள், குழல்கள் என்று கழற்றிக் கழுவ வேண்டிய உறுப்புகள் மிகுதி. எங்கள் கடையில் இருப்பவர்கள் இருவர். மும்முனை மின்சாரத்திற்குக் கடையின் இணைப்பையே மாற்றவேண்டும். அதற்கு வைப்புத்தொகை தனி. நாளொன்றுக்கு ஆண்டு முழுதும் அந்த அளவு விற்குமா? கம்பத்து நாளைக் கண்டு மயங்கி, ஐப்பசி மழையை மறக்கக்கூடாது.

மலிவாகக் கிடைக்கிறதென்று ஒருவர் வெளிநாட்டுப் பழைய இயந்திரம் ஒன்றையும் காட்டினார். தகட்டில் 60 சைக்கிள் என்று இருந்தது. நம் மின்சாரம் 50. நான்கு முனை மோட்டாரின் ஒத்தியங்கு வேகம் 1800இலிருந்து 1500 ஆகும். துடுப்பும் அமுக்கியும் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். மோட்டாரும் கூடுதலாகச் சூடேறும். அந்தப் பேச்சை அத்துடன் விட்டோம்.

இறுதியில் பட்டியலில் இல்லாத மூன்றாவது ஒன்றைத் தேடிப் பிடித்தோம். இரட்டை உருளை, பம்பு இல்லாதது, தொட்டிக்குக் குளிர்பதனம் உண்டு, ஒருமுனை மின்சாரம். தகட்டில் 30 லிட்டர். நண்பகலில் அதே சோதனை: இரு வாய்களிலும் மாறி மாறி எடுத்தபோது முப்பத்தொன்றாவது கோன்தான் −4 காட்டியது, நான்கு நிமிடத்தில் மீண்டது. விலை முதலிரண்டுக்கும் நடுவே. மேலும், அதைப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஈரோட்டில் இருக்கிறார். கூப்பிட்டால் அன்றே வருவார்.

இந்தக் கடைசிச் செய்தியை அற்பமென்று கருதவேண்டாம். அமெரிக்காவில் மெக்டொனால்டு கடைகளின் ஐஸ்கிரீம் இயந்திரம் எப்போதும் பழுது என்பது ஊரறிந்த நகைச்சுவை. அவ்வியந்திரத்தின் மென்பொருள் பூட்டைத் திறந்து கடைக்காரர் பழுது பார்ப்பதே பதிப்புரிமைச் சட்டத்திற்கு மாறா என்ற வழக்காடல் எழுந்து, 2024ஆம் ஆண்டு அக்டோபரில்தான் இத்தகைய கடை இயந்திரங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே வாங்குமுன் 'வளையம் எங்கே கிடைக்கும், துடுப்புத் தகடு எங்கே கிடைக்கும், திரையில் பிழை எண் வந்தால் யார் படிப்பார்' என்று கேட்பது அறிவுடைமை.

கழுவுதல்

பாலும் சர்க்கரையும் ஈரமும் கூடிய இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகுவது இயல்பு. ஸ்டெபிலோகாக்கஸ் விட்டுச் செல்லும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. லிஸ்டீரியா என்பது 4 டிகிரிக் குளிரிலும் மெல்ல வளரக்கூடியது. கருவுற்ற பெண்களுக்கு மிகவும் கேடு. கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் குழந்தைகள். ஆதலின் இயந்திரத்தை இரவுதோறும் பிரித்து, துடுப்பு, வளையங்கள், குழாய்வாய் யாவற்றையும் தூரிகையால் தேய்த்து, கிருமிநாசினி நீரில் நனைத்து, உணவுக்கேற்ற மசகு தடவிக் கோக்கவேண்டும். இரவில் தானே கலவையைச் சூடாக்கிக் குளிர்விக்கும் உயர்வகை இயந்திரங்களும் உண்டு. அவற்றையும் இரண்டு வாரத்திற்கொரு முறையாவது பிரித்துக் கழுவியே ஆகவேண்டும். வாங்குமுன் விற்பனையாளரைப் பிரித்துக் காட்டச் சொன்னோம். பிறகு அண்ணனே பிரித்தார், அப்பா கோத்தார். நாற்பது நிமிடம். பெரிய இயந்திரத்தைப் பிரிக்க விற்பனையாளருக்கே ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆனது.

இயந்திரம் பங்குனியில் வந்தது. நான் செய்த பிழை ஒன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். பக்கத்துப் பரோட்டாக் கடையின் கல் இருக்கும் சுவரோரம், வழியை அடைக்காது என்று, நான்தான் இடம் காட்டினேன். இரண்டே வாரத்தில் கூழ் தளர்ந்தது. மெக்கானிக் பின்பலகையைத் திறந்தார். வெப்பம் விடும் சுருளின் தகடுகள் முழுதும் பஞ்சு! எங்கள் ஊர்த் தறிகளின் பஞ்சுத்தூசி காற்றோடு வந்து அடைத்திருந்தது. அடுப்பின் சூடு ஒருபுறம், பஞ்சுப் போர்வை மறுபுறம். கார்னோவை எழுதிக் காட்டிய எனக்கு இது தோன்றவில்லை. இருபது ஆண்டு தறியில் நின்ற அப்பாவுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. இயந்திரத்தை எதிர்ச்சுவருக்கு மாற்றி, பின்னால் ஒரு முழம் இடம் விட்டோம். இப்போது ஞாயிறுதோறும் அப்பா ஒரு பெயின்ட் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சுருளைத் தட்டுகிறார்.

கம்பம் ஆற்றுக்குப் போன அன்று மாலை நான்கு மணிக்குத் தொடங்கினோம். நான் கோன் எடுத்துக் கொடுக்க, அண்ணன் பிழிந்தார். ஏழிலிருந்து எட்டு மணி வரை எண்ணினேன்: 203 கோன். நான் போட்ட கணக்குக்குப் பன்னிரண்டு குறைவு. இடையில் மின்சாரம் ஒருமுறை ஏழு நிமிடம் நின்றுவிட்டது. அதைக் கழித்தால் கணக்கு ஏறத்தாழச் சரியே. இரவு ஒரு மணிக்குக் கூட்டம் கலைந்தது. வளையங்களை வாளியில் போட்டுக்கொண்டு அண்ணன் கழுவ உட்கார்ந்தார். அம்மா அந்த மாதத் தவணையைத் தனியே எண்ணி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, "மிச்சம் எத்தனை தவணை கண்ணு?" என்றார். இருபத்திரண்டு என்றேன்.